முதல் சாட்டை: ஒற்றைவால் வாங்குவதிலிருந்து ஆள்மேல் படும் நாள் வரை

சாட்டை வாங்கிய முதல் வாரத்தில் நான் அடித்த முதல் ஆள் நானேதான். மொட்டை மாடி, மாலை ஐந்தரை மணி, அக்கம்பக்கத்து மாடிகளில் யாரும் இல்லை. பார்த்துக்கொண்டு கையை ஓங்கினேன். சத்தம் வரவில்லை. வலது காதின் மேல்நுனியில் மட்டும் எரிகிற ஊதுபத்தியை வைத்து எடுத்த மாதிரி சுரீர் என்றது. தொட்டுப் பார்த்தால் விரலில் ரத்தம். காதுக்கும் கண்ணுக்கும் நான்கு விரற்கடைதான் தூரம் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை ஹார்டுவேர் கடைக்குப் போய் கிரைண்டர் வேலைக்காரர்கள் போடும் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று வாங்கினேன். சாட்டைக்கு ஆன செலவில் மிகச் சிறியதும், மிக உருப்படியானதும் அதுதான்.

இது வயதுவந்த இருவர் தெளிவாகப் பேசி, முழுச் சம்மதத்தோடு ஆடும் பிடிஎஸ்எம் ஆட்டத்துக்கான, அதாவது கட்டுதல், அடித்தல், அடங்கல் சார்ந்த பாலியல் ஆட்டத்துக்கான வழிகாட்டி. கைவிலங்கு, ஃப்ளாகர் (பல வார்ச் சாட்டை) எல்லாம் பழகி, அடுத்து ஒற்றைவால் சாட்டையைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இப்போதே சொல்லிவிடுகிறேன்: இதில் பாதிக்கு மேல் ஆளே இல்லாமல் செய்கிற வேலை. பழைய செய்தித்தாளும் தலையணையும்தான் உங்கள் முதல் மூன்று மாத ஜோடி.

சாட்டை ஏன் வெடிக்கிறது

ஃப்ளாகரில் பல வார்கள் இருக்கும். அடி பரவலாக விழும், குறி கொஞ்சம் தவறினாலும் பெரிய சேதம் இல்லை. ஒற்றைவால் அப்படியல்ல. கைப்பிடிப் பக்கம் தடிமனாகத் தொடங்கி நுனிக்குப் போகப்போக மெலிகிறது. நீங்கள் கையால் கொடுக்கும் வேகம் ஒரு வளையமாக மடிந்து சாட்டை நெடுக ஓடுகிறது. ஓட ஓட, அந்த வேகத்தைச் சுமக்க வேண்டிய எடை குறைந்துகொண்டே வருகிறது. எடை குறைந்தால் வேகம் கூடும். கடைசி அரையடிக்கு வரும்போது நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடுகிறது; அதாவது நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். நாம் கேட்கும் ‘படார்’ சத்தம் தோல் தோலில் மோதும் சத்தம் அல்ல, காற்று உடையும் சத்தம். 1958-லேயே அதிவேகப் புகைப்படம் எடுத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2002-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோரியலி, மெக்மில்லன் என்ற இருவர் கணக்குப் போட்டு, வெடிப்புக்குக் காரணம் நுனியைவிட அந்த ஓடும் வளையம்தான் என்று காட்டினார்கள்.

இந்த இயற்பியல் பாடம் எதற்கு என்றால், இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, சாட்டைக்குப் பலம் தேவையில்லை. ஓங்கி அடிப்பவர் கையில் அது தாறுமாறாகப் போகும். நிதானமாக எறிபவர் கையில் தானே வெடிக்கும். இரண்டாவது இதைவிட முக்கியம். வெடிக்கும் நொடியில் நுனி இருக்கிற இடத்தில் மனிதத் தோல் இருக்கக் கூடாது. அந்த வேகத்தில் மெல்லிய நைலான் நூல்கூடத் தோலைக் கிழிக்கும். ஆட்டத்தில் சத்தம் காற்றுக்கு, நுனி தோலுக்கு, இரண்டையும் சேர்க்காதீர்கள்.

எதை வாங்குவது

கடையில் நான்கு குடும்பங்களைப் பார்ப்பீர்கள்.

ஸ்டாக்விப் ஆஸ்திரேலிய மாட்டுக்காரர்களுடையது. நீண்ட கைப்பிடி, அதோடு கீல் போலத் தொங்கும் வால். குதிரைமேல் உட்கார்ந்து மந்தையை ஓட்ட அருமையானது. நம் வேலைக்கு வேண்டாம். புல்விப்பில் அரையடி முதல் ஓரடி வரை விறைப்பான பிடி இருக்கும், அதற்குமேல் ஆறடி, எட்டடி என்று வால் நீளும். சினிமாவில் பார்த்து ஆசைப்படுவது பெரும்பாலும் இதைத்தான். முதல் சாட்டையாக இதை வாங்குகிறவர்கள் ஆறு மாதத்தில் அதைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பார்கள். வீட்டுக்குள் வீச இடமே இருக்காது.

மீதி இரண்டும் நமக்கானவை. ஸ்னேக் விப்பில் விறைப்பான பிடி கிடையாது. முழுவதும் பாம்பு மாதிரி சுருளும். நுனியில் ‘ஃபால்’ என்ற ஒற்றைத் தோல்வார், அதன் முனையில் ‘கிராக்கர்’ என்ற நூல் குஞ்சம். சிக்னல் விப் இதன் தம்பி. இதில் ஃபால் கிடையாது, கிராக்கர் நேராகப் பின்னலின் நுனியிலேயே இருக்கும். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்குச் சத்தத்தால் சைகை காட்ட வைத்திருந்தது. அதனால்தான் அந்தப் பெயர். சுருட்டினால் கோட்டுப் பையில் அடங்கிவிடும்.

என் பரிந்துரை: மூன்றரை அல்லது நான்கு அடி ஸ்னேக் விப். சிக்னல் விப்பின் குறி இன்னும் துல்லியம், ஆனால் அதன் நுனி கொஞ்சம் கோபக்காரன். ஃபால் இருக்கும் சாட்டை ஒரு தப்பை மன்னிக்கும். தவிர, கல்லிலும் தளத்திலும் பட்டுத் தேய்வது முதலில் ஃபாலும் கிராக்கரும்தான். அவற்றை மாற்றிக்கொள்ளலாம். சிக்னல் விப்பில் பின்னலின் நுனியே தேய்ந்தால் செய்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டிவரும்.

நீளம் பற்றி ஒரு எச்சரிக்கை. புல்விப் விற்பவர் ‘ஆறடி’ என்றால் பிடியும் பின்னலும் சேர்ந்து ஆறடி. ஃபாலும் கிராக்கரும் அந்தக் கணக்கில் வராது. அவற்றையும் சேர்த்தால் எட்டடியைத் தாண்டிவிடும். ஸ்னேக் விப் வாங்கும்போதும் எதிலிருந்து எதுவரை அளந்தார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்புறம் அறையை அளந்து பாருங்கள். கையை நீட்டினால் இரண்டரை அடி, சாட்டை நாலு, நுனி ஒன்று. ஆக உங்களைச் சுற்றி ஏழரை அடிக்கு எதுவும் இருக்கக் கூடாது. நம் படுக்கையறைகள் பத்துக்குப் பன்னிரண்டு. தலைக்கு மேலே பத்தடியில் கூரை, அதற்கும் கீழே மின்விசிறி. கையை மேலே தூக்கி நாலடிச் சாட்டையை வீசினால் முதலில் அடிவாங்குவது மின்விசிறிதான். ஹாலில் சோஃபாவை ஓரம் தள்ளினால் பக்கவாட்டு வீச்சுக்கு இடம் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் மூன்றடிச் சாட்டை வாங்குங்கள். அதைப் பழகுவது கொஞ்சம் கடினம், ஏனென்றால் அது வேகமாகத் திரும்பிவரும்.

தோலா, நைலானா

சாட்டை பின்னுகிறவர்கள் கங்காரு தோலுக்கு உயிரை விடுவார்கள். காரணம் இருக்கிறது. அதன் நார்கள் தோலின் பரப்புக்கு இணையாகவே ஓடுவதால், மெல்லியதாகச் சீவினாலும் மாட்டுத்தோலைவிட உறுதியாக நிற்கும். பன்னிரண்டு, பதினாறு இழைகளாகப் பின்னலாம். ஆனால் இழை எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளியே தெரியும் பின்னல் வெறும் சட்டை. உள்ளே இன்னொரு பின்னலும் அதைச் சுற்றிய தோலும் இருக்க வேண்டும். சாட்டையின் குணம் அங்கேதான். நான்கு இழையில் உள்வேலை ஒழுங்காக இருக்கும் சாட்டை, உள்ளே கயிற்றை வைத்துச் சுற்றிய பதினாறு இழைச் சாட்டையைவிட மேல்.

முதல் சாட்டைக்கு நான் பாராகார்டையே சொல்வேன். நைலான் பாராசூட் கயிற்றின் மேலுறையை வைத்துப் பின்னியது. விலை குறைவு. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் கழுவலாம். கடைசிக் குணம் எவ்வளவு பெரியது என்பது பின்னால் ரத்தம் பற்றிப் பேசும்போது தெரியும். தோல் சாட்டையின் அந்த உயிரோட்டம் இதில் இல்லைதான். ஆனால் சிமென்ட் தளத்தில் மூன்று மாதம் போட்டுத் தேய்க்கப் போகிற சாட்டைக்கு உயிரோட்டம் எதற்கு?

வாங்கும்போது இப்படிச் சோதியுங்கள். பிடியைக் கையில் வைத்துக்கொண்டு சாட்டையைக் கிடையாக நீட்டி, வாலைத் தொங்கவிடுங்கள். ஒரே சீரான வளைவாக இறங்க வேண்டும். எங்காவது முழங்கை மாதிரி மடிந்தால் அங்கே உள்வேலை சரியில்லை. வளையம் ஓடும்போது அந்த இடத்தில் தடுக்கித் திசை மாறும். அப்புறம் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பிடியிலிருந்து நுனிவரை உருவிப் பாருங்கள். மெலிவது கைக்குத் தெரியாமல் நடக்க வேண்டும், படிக்கட்டு மாதிரி இருக்கக் கூடாது. சுற்றுலாத் தலங்களில் தொங்கும் அலங்காரச் சாட்டையை எடுத்து இதைச் செய்து பாருங்கள், சிரிப்பு வரும். நான் முதலில் வாங்கியது அதுதான். பிடி மட்டும் தனியாகச் சுழலும்.

கிராக்கரை நீங்களே செய்யலாம், செய்யவும் வேண்டும். தடித்த நைலான் தையல் நூலை எட்டுப் பத்து இழையாகச் சேர்த்து, முறுக்கி, நடுவில் மடித்துவிட்டால் தானே ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும். முனையில் முடிச்சுப் போட்டு, அதற்கப்பால் ஓர் அங்குலம் பிரித்துக் குஞ்சமாக விடுங்கள். ஒரு மணி நேரத்தில் பத்து செய்துவிடலாம். மீன்பிடி நரம்பு வேண்டாம், அது பிளேடு. பட்டம் விடும் மாஞ்சா நூலை வீட்டில் யாராவது எடுத்து நீட்டினால் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள்.

கை பழகுதல்

தொப்பி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, ஜீன்ஸ். வெயில் காலம் என்று பனியனோடு நிற்காதீர்கள். துணிக்கொடியை அவிழ்த்துவிடுங்கள். மாடிக் கதவைத் தாழிடுங்கள். குழந்தையோ, துணி எடுக்க வருகிற பாட்டியோ பின்னாலிருந்து வரும் சாத்தியம் எப்போதும் உண்டு.

வலது கைக்காரர் என்று வைத்துச் சொல்கிறேன். இடது காலை அரையடி முன்னால் வையுங்கள். பிடியை இறுக்காதீர்கள், தோசைக் கரண்டியைப் பிடிக்கிற அளவு போதும். கட்டைவிரல் மேலாக நீண்டிருக்கட்டும். சாட்டையை உங்களுக்குப் பின்னால் தரையில் நேர்கோடாகக் கிடத்துங்கள். கோணலாகக் கிடந்தால் கோணலாகத்தான் வரும். இப்போது வலது தோளுக்கு ஓரடி வெளியே ஒரு கண்ணாடிச் சுவர் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாட்டை அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம்தான் போக வேண்டும், வரவும் வேண்டும். என் காது போனது அந்தச் சுவரைத் தாண்டியதால்.

முழங்கை முன்னால் வர, கையை மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். கை தலைக்கு மேல் வந்ததும் அதே ஓட்டத்தில் முன்னால் இறக்கி, தோள் உயரத்தில், குறியை விரலால் சுட்டுவது போல நிறுத்துங்கள். அந்த நிறுத்தம்தான் வித்தை. கை நின்றதும் வேகம் வளையமாகிச் சாட்டைக்குள் ஓடும். கையை நிறுத்தாமல் கீழே வரை கொண்டுபோனால் வெறும் துணி உதறல். சத்தம் வரவில்லையே என்று பலத்தைக் கூட்டாதீர்கள். நிறுத்தம் சரியில்லை என்று அர்த்தம். முடிந்ததும் சாட்டையைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே விழவிடுங்கள். தானாகத் திரும்பிவருகிற நுனியைக் கையால் பிடிக்க முயலவே வேண்டாம்.

இந்த ஒரு வீச்சை இரண்டு வாரம், ஒரு நாளைக்கு இருபது நிமிடம். அதற்குமேல் போனால் தோள்பட்டை வலிக்கும், குறி கெடும். வெடிச்சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கிற சத்தம், காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரம் செய்தித்தாள் ஒற்றைத் தாளைக் கிளிப் போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டு, நுனியால் கீழிருந்து ஒவ்வொரு அங்குலமாகக் கிழித்துக்கொண்டே மேலே போகப் பாருங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை இணைப்புகளை இதற்கென்றே சேர்த்துவைத்தேன்.

இதற்குப் பிறகுதான் ஆட்டத்துக்கான வீச்சு. அது சின்னது. முழுக் கையும் வேண்டாம். முன்கையும் மணிக்கட்டும் மட்டும். சாட்டை பக்கவாட்டில் தொங்கட்டும். லேசாகப் பின்னால் ஆடவிட்டு, திரும்பி வரும்போது முன்கையால் குறியை நோக்கி ஒரு சுண்டு. வெடிக்கக் கூடாது. நுனி முழு நீளத்துக்கு விரிந்து, வேகம் இறங்கும் கடைசி நொடியில் குறியை முத்தமிட்டுத் திரும்ப வேண்டும். வெடித்துவிட்டால் அந்த வீச்சு தோல்வி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குறி பார்க்க நம் வீட்டிலேயே அருமையான பொருள் இருக்கிறது. கிராக்கரைக் கோலமாவில் தோய்த்துக்கொள்ளுங்கள். கறுப்புப் போர்வை ஒன்றைச் சுவரில் மாட்டி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் வரையுங்கள். ஒவ்வொரு வீச்சும் வெள்ளைப் புள்ளியாகப் பதியும், பொய் சொல்ல முடியாது. தட்டு பழகியதும் உள்ளங்கை அளவு. பத்து வீச்சில் ஒன்பது உள்ளங்கைக்குள் விழ வேண்டும். அதுவும் ஒரே நாளில் அல்ல, வெவ்வேறு மூன்று நாட்களில். அலுவலகத்தில் சண்டை போட்டுவிட்டு வந்த நாள் ஒன்றும் அந்த மூன்றில் இருந்தால் நல்லது.

அடுத்து தலையணை. இரண்டு தலையணைகளைக் கட்டி, பழைய கறுப்பு டி-ஷர்ட் மாட்டி, நாற்காலி முதுகில் சேர்த்துக் கட்டுங்கள். தட்டையான போர்வை சொல்லித் தராத ஒன்றை இது சொல்லித் தரும். சாட்டை இலக்கின் விளிம்பைத் தாண்டினால் மீதி வால் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்தில் அடிக்கும். சுற்றும்போது அதன் வேகம் இன்னும் கூடும். முதுகில் லேசாகப் பட்டதாக நீங்கள் நினைப்பீர்கள், விலா எலும்பில் கன்றிப்போயிருக்கும். டி-ஷர்ட்டின் பக்கவாட்டில் கோலமாவு தெரிந்தால் நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள். அரையடி பின்னால் போங்கள்.

தூரத்தை எப்போதும் இப்படிக் கண்டுபிடியுங்கள்: கையை நீட்டி, சாட்டையை மெதுவாக இலக்கின்மேல் சாத்துங்கள். கிராக்கர் மட்டும் தொட வேண்டும். அந்த இடத்தில் பாதத்துக்கு நேராகத் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஆட்டம் சூடுபிடிக்கும்போது கால் தானே முன்னால் நகரும். எல்லோருக்கும் நகரும். கோடு இல்லாவிட்டால் தெரியவே தெரியாது.

பேச்சு

1983-ல் நியூயார்க்கில் ஜிஎம்எஸ்எம்ஏ என்ற ஆண் ஒருபாலீர்ப்பாளர் அமைப்புக்குள் பிறந்த ‘பாதுகாப்பு, நிதானம், சம்மதம்’ என்ற வாய்பாடுதான் இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. 1990களின் கடைசியில் வேறு சிலர், எதுவும் முழுப் பாதுகாப்பு கிடையாது, ஆபத்தைத் தெரிந்துகொண்டு சம்மதிப்பதுதான் நேர்மை என்று வேறொரு வாய்பாட்டை வைத்தார்கள். ஒற்றைவாலைப் பொறுத்தவரை நான் இரண்டாவது கட்சி. கை தேர்ந்தவருக்கும் ஒரு வீச்சு தவறும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வருகிற ‘சரி’தான் சரி.

அடிவாங்குபவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு, கூச்சப்பட்டால் நடக்காது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா, தினமும் ஆஸ்பிரின் போடுகிறாரா? சர்க்கரை இருக்கிறதா? மயக்கம் போடும் வழக்கம் உண்டா? அப்புறம், நம் ஊர்த் தோலுக்கென்று ஒரு கேள்வி. காது குத்திய இடமோ, தோளில் குழந்தையாக இருந்தபோது போட்ட தடுப்பூசித் தழும்போ தடித்து மேடாக வளர்ந்திருக்கிறதா? அப்படியென்றால் அது கீலாய்டு வளரும் உடம்பு. கீலாய்டு விரும்பி வரும் இடங்களில் மேல்முதுகும் தோளும் உண்டு. அவருக்கு முதுகில் சாட்டை வேண்டாம், பேச்சே இல்லை. கீலாய்டு இல்லாதவருக்கும் மாநிறத்திலும் கறுப்பிலும் காயம் ஆறிய இடம் பல மாதம் கருமையாக நிற்கும். அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம், ஜாக்கெட்டின் பின்கழுத்து இறக்கம் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

நிறுத்தச் சொல்லும் சொல் ஒன்று வேண்டும். ‘ஐயோ’, ‘அம்மா’, ‘போதும்’ எல்லாம் தானாக வாயில் வருபவை, அவை பயன்படாது. ‘ரெட்’ என்றால் எல்லாம் நின்றது, ‘யெல்லோ’ என்றால் குறை. அல்லது ‘தக்காளி’ என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள், சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை. சாட்டையில் மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல்: நீங்கள் ஆறேழு அடி தள்ளி, அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். முனகலாகச் சொன்னால் கேட்காது. அதனால் கையில் சாவிக்கொத்தைக் கொடுங்கள். சாவி விழுந்தால் சாட்டையும் கீழே விழ வேண்டும். குடித்திருந்தால் அன்றைக்கு இல்லை, இருவரில் யாராக இருந்தாலும்.

சட்டத்தையும் ஒரு வரி. இந்தியாவில் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-வது பிரிவு, பழைய சட்டத்தில் 87-வது பிரிவு, பதினெட்டு வயதைத் தாண்டியவர் சம்மதித்த சாதாரணக் காயத்துக்கு இடம் தருகிறது, கொடுங்காயத்துக்குத் தரவில்லை. கண் போவதும் எலும்பு முறிவதும் கொடுங்காயம்தான். பிரிட்டனில் இருக்கும் நம்மவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: 1993-ல் பிரவுன் வழக்கில், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை, உடற்காயம் ஏற்பட்டால் சம்மதம் ஒரு தற்காப்பாகாது என்று தீர்ப்பளித்தது. நெருக்கமானவர்களுக்குள் நடந்த, எல்லோரும் சம்மதித்த விஷயத்துக்குத்தான் அந்தத் தண்டனை.

எங்கே படலாம்

பிட்டத்தின் சதைப்பகுதி. மேல்முதுகில் தோள்பட்டை எலும்புகளைச் சுற்றிய சதை, முதுகுத்தண்டுக்கு வலமும் இடமும். முதல் வருடம் இவ்வளவுதான். தண்டின்மேல் கூடாது. விலாவின் கீழ்ப்பாதியிலிருந்து இடுப்புவரை கூடாது, பின்னால் சிறுநீரகம் இருக்கிறது. வால் எலும்பு, மூட்டு, கழுத்து, தலை எதுவும் கூடாது. முன்பக்கம் பற்றி இந்தக் கட்டுரை பேசாது.

நீங்கள் வாங்காத அடியை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். கை தேர்ந்தவர் யாராவது தெரிந்தால் அவரிடம் ஐந்து வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் தொடையில் நீங்களே சுண்டிக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்டு தெறித்த மாதிரி முதலில் ஒன்றும் இல்லாதது போலிருக்கும். பிறகு அந்தப் புள்ளி மட்டும் தனியாகப் பற்றிக்கொண்டு எரியும்.

முதல் நாள்

அவர் தலைமுடியைக் கொண்டையாகப் போட்டு உச்சிக்கு ஏற்றிவிடட்டும். பின்னல் தொங்கினால் நுனி அதில் மாட்டும். காதணி, சங்கிலி கழற்ற வேண்டும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லை என்று ஒருவர் சொன்னால் வாதாட வேண்டாம். முன்பக்கமாக இழுத்து டேப் போட்டு ஒட்டிவிட்டு, அன்றைக்குப் பிட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்கும் கண்ணாடி போடுங்கள்.

கட்டிப்போட வேண்டாம். சுவரிலோ தூணிலோ இரண்டு கையையும் ஊன்றி, கொஞ்சம் சாய்ந்து நிற்கட்டும். தொங்கவிட்டுக் கட்டியிருந்தால் உடம்பு ஆடும், குறி நகரும். மயங்கினால் எடை முழுக்க மணிக்கட்டில் விழும்.

முதலில் கையால் தட்டி, ஃப்ளாகரால் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். அப்புறம் சாட்டையை எடுத்து அடிக்காமல் தோளில் போட்டு மெதுவாக இழுங்கள். பின்னல் முதுகில் ஊர்ந்து இறங்கும். நான் பார்த்தவரை பலருக்கு அன்றைய நாளில் மறக்காமல் நிற்பது இதுதான், அடி அல்ல. பிறகு விலகிப் போய், அவருக்கு ஆறடி பக்கத்தில் வெறும் காற்றில் ஒரு முறை வெடியுங்கள். உடம்பு தூக்கிவாரிப் போடும். ‘இருக்கீங்களா?’ என்று கேளுங்கள், அல்லது உங்களுக்குள் எப்படிப் பேசுவீர்களோ அப்படி. பதில் வந்த பிறகு சாக்பீஸ் கோட்டுக்கு வாருங்கள்.

முதல் சுண்டு தொட்டும் தொடாமலும். மூன்று சுண்டு, பிறகு நெருங்கிப் போய்ப் புறங்கையால் தோலைத் தொட்டுப் பாருங்கள். வெள்ளைத் தோலில் சிவப்பு தெரியும். நம் தோலில் கண் ஏமாற்றும், கைதான் சொல்லும். சூடாக இருக்கிறதா, கோடு மேடு தட்டியிருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா? ஈரம் என்றால் விரலைப் பாருங்கள், ரத்தமென்றால் அத்தோடு முடிந்தது. முதல் நாள் மொத்தம் பத்து அல்லது பன்னிரண்டு சுண்டு. இன்னும் வேண்டும் என்று கெஞ்சினாலும் பன்னிரண்டுதான். அந்த நேரத்தில் உடம்பு சுரக்கும் மயக்கத்தில் கேட்பதற்கும், காபி குடித்துக்கொண்டே முன்கூட்டிப் பேசியதற்கும் வித்தியாசம் உண்டு.

ரத்தம் பட்டுவிட்டால்

தோல் சாட்டை ரத்தத்தை உறிஞ்சும், அதை முழுதாகக் கிருமி நீக்க வழியில்லை. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். அதனால் ஒரு தோல் சாட்டை ஒரே ஆளுக்கு. கிராக்கரை ஒவ்வொரு முறையும் வெட்டி எறியுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இருவருமே போட்டுக்கொள்ளலாம்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். டெட்டனஸ் எப்போது போட்டது என்பதையும் பாருங்கள்.

காயத்தைக் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை வைத்து மூடுங்கள். மஞ்சள் வேண்டாம், காப்பித்தூள் வேண்டாம், தண்ணீர் கலக்காத டெட்டால் வேண்டவே வேண்டாம். வாய் பிளந்து நிற்கும் காயம், பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தம், சிறுநீரில் சிவப்பு, கண்ணில் பட்ட எதுவாயினும் மருத்துவமனை. அங்கே ‘படிக்கட்டில் விழுந்தேன்’ என்று சொல்லாதீர்கள். சாட்டை பட்டது என்றால்தான் அவர்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்ப்பார்கள். சம்மதத்தோடு நடந்தது என்பதைக் காயம்பட்டவரே தனியாகச் சொல்லட்டும்.

அதற்குப் பிறகு

தண்ணீர், போர்வை, ஏதாவது இனிப்பு. துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். சிலர் பேச விரும்புவார்கள், சிலர் சும்மா கிடப்பார்கள். இரண்டு மூன்று நாள் கழித்துக் காரணமில்லாமல் அழுகை வருவதும் உண்டு, அடித்தவருக்கும் வரும். அதற்காக மூன்றாவது நாள் ஒரு போன் என்று காலண்டரில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சாட்டையைச் சுருட்டி ஆணியில் மாட்டலாம், இறுக்கமாக வேண்டாம். தோல் என்றால் ஐப்பசி மழையில் பச்சை பூக்கும். மாதம் ஒரு முறை துடைத்து, தேன்மெழுகு கலந்த தோல் களிம்பை விரலால் தேய்த்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் விடுங்கள்.

மறுநாள் காலை, அவர் சம்மதித்தால், ஜன்னல் வெளிச்சத்தில் முதுகைப் பாருங்கள். பன்னிரண்டும் எங்கே விழுந்தது என்று ஒரு தாளில் முதுகை வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் முறை ஒன்பது குறி சரியாக விழுந்திருந்தது, இரண்டு அளவுக்குமேல் கீழே இறங்கியிருந்தது, ஒன்று விலாவில். கீழே இறங்கியதற்குக் காரணம் கை களைத்து நிறுத்தம் தாமதமானது. விலாவில் பட்டது பதினோராவது வீச்சு. தரையைப் பார்த்தேன். சாக்பீஸ் கோடு என் குதிகால் பட்டு அழிந்திருந்தது. நான் ஒரு சாண் முன்னால் வந்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு கோட்டுக்குப் பதில் ஒரு மரப்பலகையைத் தரையில் போட்டு, காலை அதில் முட்டவைத்து நின்றேன். மறுபடியும் தலையணையிலிருந்து.